யானையும் வரியும்

புறநானூற்றின் 184ஆம் பாட்டு தமிழாசிரியர்கள் நன்கறிந்தது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை அது. நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால் சிறு நிலத்தின் விளைவும் யானைக்குப் பன்னாள் உணவாகும். யானையே வயலிற் புகுந்தால் உண்பதினும் மிதித்தழிப்பதே மிகுதி என்பது உவமை. ‘வரியைக் குறைத்து வாங்குக’ என்று இதற்குப் பொருள் கூறி அமைவர் பலர். அவ்விளக்கம் போதாது. புலவர் வற்புறுத்துவது அளவினும் முறையையே.

முறையை ஆராய்வோமாயின் முதலில் எழும் வினா இது: வரி வருவாயின்மேல் அமைய வேண்டுமா, வாங்கும் பண்டத்தின்மேலா? குறளின் 756ஆம் பாட்டு சுட்டும் உல்கு, பண்டத்தின்மேல் வாங்கும் சுங்கமே. முதற் குலோத்துங்கனைச் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்று போற்றினர். ஆயினும் வரிக்காக நிலத்தை அளப்பித்தவனும் அவனே. ஒன்றைத் தவிர்க்கும் அரசு மற்றொன்றை நாடியே தீரும்.

நம் நாட்டுச் செய்தியும் இதுவே. கமுந்திங்கிலும் தைப்பிங்கிலும் ஈயம் தோண்டிய காலத்தில் அரசின் கருவூலம் ஈய ஏற்றுமதித் தீர்வையாலும் அபினி வருவாயாலும் நிரம்பியது. உழைப்பாளியின் சோர்வைப் போக்கிய நஞ்சே அரசுக்கு வருவாயாயிற்று. மலாயாவில் வருமான வரிச் சட்டம் 1947இல் இயற்றப்பெற்று 1948இல் நடைமுறைக்கு வந்தது. 2015 ஏப்ரல் 1இல் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி வந்தது. 2018 ஜூன் 1இல் அது சுழியமாக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் விற்பனை, சேவை வரிகள் மீண்டன.

அந்த 6 விழுக்காடு எல்லார்க்கும் ஒன்றுதானே என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். கமுந்திங் தொழிற்பேட்டையில் 1,500 வெள்ளி ஊதியம் பெறுபவர் வரிக்குரிய பண்டங்களை 1,000 வெள்ளிக்கு வாங்கினால் வரி 60 வெள்ளி. அஃதாவது ஊதியத்தில் 4 விழுக்காடு. 15,000 வெள்ளி பெறுபவர் 4,000 வெள்ளிக்கு வாங்கினால் வரி 240 வெள்ளி, அஃது 1.6 விழுக்காடே. எஞ்சியதைச் சேமிக்க அவரால் இயலும், முன்னவரால் இயலாது. அரிசி, சர்க்கரை, சமையல் எண்ணெய் முதலியவற்றுக்கு அவ்வரி இல்லாதிருந்தது உண்மை. அது சுமையைக் குறைத்ததேயன்றி வேற்றுமையை நீக்கவில்லை.

மறுதரப்பார் கூற்றையும் ஒதுக்கலாகாது. ஆசிரியரின் ஊதியம் ஏட்டில் உள்ளது. வரி மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. கணக்கு மறைக்கும் வணிகர் தப்பிவிடுகிறார். அவரும் கடையில் பொருள் வாங்கும்போது பண்டவரிக்குத் தப்ப முடியாது. இது வலிய வாதம். ஆனால் வருமானத்தை மறைப்பவரைத் தேடிப் பிடிப்பது அரசின் கடமை. அக்கடமையின் தளர்ச்சிக்கு ஏழையின் கூடையில் ஈடு தேடுவது நீதியாகாது.

ஆகவே, இயன்றவர் மிகுதியாகவும் இயலாதவர் குறைவாகவும் தரும் வருமான வரியே அறத்துக்கு அணித்து. பண்டவரி அதற்குத் துணையாகலாம், தலைமையாகலாகாது. பிசிராந்தையாரின் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவரிடம் இனி ஒரு வினாவையும் கேட்கலாம்: யானைக்குக் கவளம் தருவது சரி, அந்நெல் யாருடைய வயலிலிருந்து எவ்வளவு வர வேண்டும்?