எழுத்துக்கூட்டிச் சொன்ன பெயர்

'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டை நான் முதல்முதலாக முழுசாகக் கேட்டது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், ஹாஸ்டல் அறையில். முழுசாக என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அதன் நீள வடிவம் பதினாலரை நிமிடம். பல்லவி, சரணம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. மூன்று பேர் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே போகிறார்கள். அடியில் ஒரு பேஸ் கிட்டார் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. "எப்படா முடியும் இது?" என்று ரூம்மேட் இரண்டு தடவை கேட்டான். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அவன் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

1979 செப்டம்பரில் வெளிவந்த பாட்டு. பாடியவர்கள் சுகர்ஹில் கேங் என்ற பெயரில் மூன்று பேர்: வொண்டர் மைக், பிக் பேங்க் ஹேங்க், மாஸ்டர் ஜீ. அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதல் நாற்பது இடங்களுக்குள் நுழைந்த முதல் ராப் பாட்டு இதுதான். ஆனால் இத்தனை வருடம் கழித்தும் இந்தப் பாட்டு என்னை விடாமல் இருப்பதற்குக் காரணம் அந்தச் சாதனை இல்லை. இரண்டாவதாக வருகிற குரல். ஹேங்க்கின் குரல். கனமானது, சிரிப்பு கலந்தது. வந்ததுமே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது, ஒரு பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொல்கிறது. காஸனோவா ஃப்ளை.

அது ஹேங்க்கின் பெயர் இல்லை.

அந்தப் பெயர் யாருடையது என்று தெரிய வேண்டுமானால் பிராங்ஸுக்குப் போக வேண்டும். நியூயார்க்கின் வடக்குப் பகுதி. 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அதிலிருந்து 'ராப்பர்ஸ் டிலைட்' வரைக்கும் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் ராப் என்பது ஒரு ராத்திரியில் நடந்து முடிகிற விஷயம். டிஜேதான் நாயகன். ஒரு ரெக்கார்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளைக் கண்டுபிடித்து, அதே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்து, மாற்றி மாற்றி ஓட்டி அந்த நொடிகளை நிமிடங்களாக இழுப்பார். மைக் பிடிப்பவரின் வேலை ஆரம்பத்தில் டிஜேயைப் புகழ்வதும் கூட்டத்தைக் கலையவிடாமல் வைத்திருப்பதும்தான். அங்கே ஒப்பந்தம் கிடையாது, ராயல்டி கிடையாது. விருந்தைப் பதிவுசெய்த கேசட்டுகள் கைமாறும். அந்தக் கேசட்டில் பேசுவது யார் என்று அட்டை பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. குரலே சொல்ல வேண்டும். அதனால்தான் ராப் பாடுகிறவர்கள் தங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார்கள். தற்பெருமை அதில் கொஞ்சம் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் முதலில் அது கையெழுத்து.

அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் கர்டிஸ் பிரவுன். ஆரம்பப் பெயர் காஸனோவா ஃப்ளை, பிறகு கிராண்ட்மாஸ்டர் காஸ்.

இந்தப் பக்கம், ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியின் எங்கல்வுட்டில், சில்வியா ராபின்சன் இருந்தார். ஐம்பதுகளிலேயே ஹிட் கொடுத்த பாடகி. கணவரோடு நடத்திய ரெக்கார்ட் கம்பெனி கடனில் தள்ளாடிக்கொண்டிருந்தது. 1979இல் ஹார்லெமின் ஒரு கிளப்பில், ரெக்கார்ட் ஓடும்போது அதன் மேல் ஒருவர் பேசுவதையும் கூட்டம் அதற்கு ஆடுவதையும் பார்த்தார். இதை ரெக்கார்டாகப் போட்டால் என்ன? பிராங்ஸின் பெரிய கைகளுக்கு அது தோன்றவில்லை. விருந்தில் வாசித்துக்கொண்டிருக்கும் ரெக்கார்டை மறுபடி பதிவு செய்து அதன் மேல் பேசினால் யார் வாங்குவார்கள் என்றுதான் அன்று நினைத்ததாக கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷே பிற்பாடு சொல்லியிருக்கிறார். சில்வியாவுக்குத் தோன்றியது. அந்தக் காதை நாம் மறுக்க முடியாது.

ஹேங்க் அப்போது எங்கல்வுட்டில் ஒரு பீட்சா கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் பிராங்ஸில் கிளப் வாசல் காவலர், காஸுக்கு ஒரு மாதிரி மேனேஜர். கடையில் காஸின் டேப்பைப் போட்டுவிட்டுக் கூடவே முணுமுணுப்பார். சில்வியாவின் மகன் காதில் விழுந்தது. கடைக்கு வெளியே, காருக்குள் வைத்தே ஆடிஷன் முடிந்தது. பிரச்சனை ஒன்றே ஒன்றுதான்: ஹேங்க்கிடம் சொந்தமாக வரிகள் இல்லை. காஸிடம் போனார். காஸ் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னதாகச் சொல்வார்கள். காஸே அப்படித்தான் சொல்லிவருகிறார். ஹேங்க் எடுத்துக்கொண்டார், பெயர் உட்பட.

இந்த இடத்தில் என் தொழில் குறுக்கே வருகிறது. மன்னியுங்கள்.

நாங்கள் கிட் என்று ஒரு கருவி வைத்திருக்கிறோம். அதில் 'பிளேம்' என்ற கட்டளை கொடுத்தால், கோடின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டது யார் என்று பெயர் வரும். ஆனால் ஒருவர் எழுதியதை நான் காப்பி அடித்து என் கணக்கில் ஏற்றினால், கருவி என் பெயரைத்தான் காட்டும். அதற்கு அவ்வளவுதான் தெரியும். நிஜமாக எழுதியவரின் தடயம் மிஞ்சுவது ஒரே இடத்தில்: வரிக்குள்ளேயே, அழிக்க மறந்த ஒரு குறிப்பில். 'ராப்பர்ஸ் டிலைட்'டின் லேபிளைப் பார்த்தால் காஸ் கிடையாது. பாட்டைக் கேட்டால் இருக்கிறார்.

எனக்கு இது ஏன் சுடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் வேலையில், பக்கத்து சீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். கான்ட்ராக்ட் ஊழியர், கம்பெனி அடையாள அட்டையின் நிறமே வேறு. இரண்டு டேட்டாபேஸ்களை ஒப்பிட்டு எங்கே கணக்கு உதைக்கிறது என்று காட்டும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். எனக்கு ஒரு டெமோ இருந்தது. கேட்டேன். "எடுத்துக்கோ தம்பி, இதுல என்ன இருக்கு" என்றார். எடுத்துக்கொண்டேன். மேலே அவர் பெயரும் தேதியும் இருந்த வரியை அழித்தேன். ஏன் அழித்தேன் என்று இன்றுவரை எனக்கு நல்ல பதில் இல்லை. டெமோ நடுவில் ஒரு எச்சரிக்கைச் செய்தி திரையில் வந்தது. அதன் தொடக்கத்தில் அவருடைய இனிஷியல். அதை நான் கவனிக்கவே இல்லை. "யாருப்பா இது?" என்று மேனேஜர் கேட்டார். "பழைய டெம்ப்ளேட் சார்" என்றேன். அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வழக்கம்போல அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அவருடைய கான்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. டெமோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அன்று அந்த அறையில் நான் அவர் பெயரைச் சொல்லியிருந்தால், ஒருவேளை சம்பந்தம் உண்டாகியிருக்கும்.

எடுத்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. எடுப்பதை மறுத்தால் மென்பொருளும் இல்லை, ஹிப் ஹாப்பும் இல்லை. எம்ஐடி லைசென்ஸ் என்று எங்களிடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம்கூட வராது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், காசு தர வேண்டாம். கேட்பது ஒன்றுதான்: எழுதியவரின் பெயர் இருக்கும் அந்தக் குறிப்பை ஒவ்வொரு பிரதியிலும் வைத்திரு. பயன்படுத்த அனுமதி வேறு, பெயரை அழிக்க அனுமதி வேறு. காஸ் நோட்டைக் கொடுத்தபோது முதலாவதைக் கொடுத்தார். இரண்டாவதை யாரும் கேட்கவே இல்லை.

இந்தப் பாட்டில் எடுக்கப்பட்டது வரிகள் மட்டுமில்லை. அந்த பேஸ் கிட்டார் வரி, ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டினுடையது. அதே வருட ஆகஸ்டில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. சில்வியா அதை வெட்டி ஒட்டவில்லை, ஸ்டுடியோவில் ஆட்களை வைத்து மறுபடி வாசிக்க வைத்தார். நைல் ரோட்ஜர்ஸ் ஒரு கிளப்பில் இதைக் கேட்டுக் கொதித்தார். வழக்கு என்று பேச்சு வந்தது, சமரசம் ஆனது. ரோட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் இருவர் பெயரும் பாட்டை எழுதியவர்களாக ஏறியது. பிற்பாடு ரோட்ஜர்ஸ் அந்தப் பாட்டைப் புகழவும் செய்தார். பெயர் வந்த பிறகு புகழ்வது சுலபம்.

காஸுக்கு ஏன் இது நடக்கவில்லை? வாய்மொழிக் கலை, அதனால் சட்டத்துக்குப் பிடிபடவில்லை என்று ஒரு விளக்கம் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பைத் தாளில் எழுதிய கணமே அது எழுதியவருக்குச் சொந்தம். காஸிடம் இருந்தது நோட்டுப் புத்தகம், அதாவது தாள். சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. வக்கீல்தான் இல்லை. ரோட்ஜர்ஸிடம் இருந்தது ஏற்கெனவே ஹிட்டான ஒரு பாட்டு, பின்னால் பெரிய ரெக்கார்ட் கம்பெனி. காஸிடம் இருந்தது பிராங்ஸில் ஒரு பெயர். அந்தப் பெயர் நியூ ஜெர்சியில் செல்லாது.

சரி, பாட்டு நல்ல பாட்டா? இங்கேதான் எனக்கும் பிராங்ஸின் பழைய ஆட்களுக்கும் சின்னப் பிணக்கு. பாட்டு ரேடியோவில் வந்தபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, யார் இவர்கள் என்பது. எந்த விருந்திலும் பார்க்காத முகங்கள். போலி என்றார்கள். இன்னொரு குறையும் நியாயமானது: ஹிப் ஹாப்பை உலகத்துக்குக் காட்டிய ரெக்கார்டில் டிஜேயே இல்லை. நாயகன் இருந்த இடத்தில் சம்பளத்துக்கு வந்த வாத்தியக்காரர்கள். அன்றிலிருந்து ராப் என்றால் மைக் பிடிப்பவர் என்றாகிவிட்டது. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் சொல்கிறேன், நல்ல பாட்டு. நண்பன் வீட்டில் சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் போன கதையை வொண்டர் மைக் சொல்லும் இடத்தில் இருக்கும் அந்தச் சாவகாசம் நடிப்பில் வராது. மூன்று பேரும் ஒருவர் மூச்சு விடும் இடத்தில் இன்னொருவர் நுழைகிறார்கள். விருந்துக்கு அழைக்கப்படாதவர்கள் விருந்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது மாதிரி ஒரு ஆர்வம் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் 36வது இடம், பிரிட்டனில் 3வது இடம் என்று அது போய்ச் சேர்ந்த ஊர்களில் இருந்தவர்களும் அழைக்கப்படாதவர்கள்தானே. ஹாஸ்டலில் இருந்த நானும்தான்.

கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. வருடங்கள் கழித்து வொண்டர் மைக்கும் மாஸ்டர் ஜீயும் தங்கள் மேடைப் பெயரைத் தாங்களே பயன்படுத்த முடியாமல் நின்றார்கள். பெயர்களின் உரிமை ராபின்சன் குடும்பத்தின் கையில். சில்வியாவின் மகனே மாஸ்டர் ஜீ என்ற பெயரில் மேடை ஏறிப் பாடினார். இந்தப் போராட்டத்தைப் பற்றி 2011இல் வந்த ஆவணப்படத்தின் தலைப்பே, என் பெயரை எனக்குத் திருப்பிக் கொடு என்ற அர்த்தத்தில்தான் இருக்கிறது. அதே 2011இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 'ராப்பர்ஸ் டிலைட்'டைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. ஹேங்க் 2014இல் இறந்தார். காஸ் நியூயார்க்கில் ஹிப் ஹாப் பிறந்த தெருக்களைச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பேருந்தில் சுற்றிக் காட்டும் வேலையைப் பல வருடம் செய்தார்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது அந்த அண்ணனின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். நடந்ததை எல்லாம் எழுதி, மன்னிப்பு கேட்டு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது. "எந்த ஸ்கிரிப்ட் தம்பி?"

நிஜமாகவே மறந்துவிட்டாரா, என்னை லேசாக விட்டுவிட்டாரா, தெரியவில்லை. பாட்டை மறுபடி போட்டேன். மூன்று நிமிடத்துக்கு முன்பாகவே ஹேங்க் வந்துவிட்டார். எழுத்து எழுத்தாக, யாரும் கேட்காமலேயே, அந்தப் பெயரைச் சொன்னார்.