பாக்சைட் மலையும் வீட்டு விமானமும்

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்ப்பவர்கள் காலடி மண்ணை அதிகம் கவனிப்பதில்லை. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போய் அலுமினியமானது. அந்த உலோகத்தின் மீது எனக்குத் தனிப் பிரியம் வந்ததே வீட்டில் விமானம் கட்டுகிறவர்களால்தான்.

அவர்களுக்கு விமானப் பாகங்களின் தொகுப்பாக, அதாவது ‘கிட்’டாக, வரும் அலுமினியத் தகடுகளில் பல ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. கையில் எடுத்து ஆட்டினால் படபடக்கும். உள்ளே சட்டங்கள் வைத்து ரிவெட் அடித்துவிட்டால் அதுவே இறக்கையாகி ஆளைச் சுமக்கும். அதற்குமுன் ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் பிசிறு நீக்க வேண்டும். நகத்தில் தட்டுகிற அந்தச் சின்னப் பிசிறை விட்டுவைத்தால், நாளடைவில் அதிர்வில் அங்கிருந்தே விரிசல் கிளம்பலாம். ஆயிரக்கணக்கான துளைகள், எதிலும் அவசரம் கூடாது. இயந்திரத்தைவிட இந்தப் பொறுமைதான் என்னை வியக்க வைக்கிறது.

ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், ஊரடங்குக் காலத்தில், தென்னாப்பிரிக்க ஸ்லிங் கிட்டிலிருந்து நான்கு இருக்கை விமானம் கட்டினார். மகள் பெயரில் அது ‘ஜி-தியா’. 2022-இல் குடும்பத்தோடு அதில் பறந்தார்.

மும்பை விமானி அமோல் யாதவ் இன்னும் ஒருபடி மேல். கிட் எதுவும் இல்லாமல், காந்திவலியில் அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். நெடுங்காலம் அலைந்து 2017-இல் அதற்குப் பதிவும் வாங்கினார்.