விடுதிப் பள்ளியின் தாய்மை

பழனி மலையில் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கப்பட்டு, இன்று கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக வளர்ந்திருக்கும் ஹைகிளர்க் பள்ளியின் முதல் தலைமைப் பொறுப்பை ஏற்றவர், ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் ஷெர்வுட் எட்டியின் தாயாராகிய மார்கரெட் எட்டி அம்மையார். மோட்டார்ச் சாலை அமையாத அக்காலத்தில், ஆட்கள் தோளில் சுமக்கும் இருக்கையாகிய டோலியில் மலையேறிவந்து பெற்றோரைப் பிரிந்திருந்த சிறுவர்களுக்குப் பாடத்தைவிட முதலில் வேண்டியிருந்தது தாய்மடியே என்பதால், அத்தேர்வு மிகப் பொருத்தமானது.

பிற்காலத்தில், தாய்போல் அரவணைக்கும் அப்பணியின் ஒரு கூறே, மதிப்பெண் இடாமலும் தண்டிக்காமலும் மாணவரின் மனச்சுமையைக் கேட்டறியும் பள்ளி உளவள ஆலோசகரின் தொழிலாக உருப்பெற்றது எனலாம். வீட்டு ஏக்கத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் நேராகச் சொல்வதில்லை. ஞாயிறு மாலையில் வயிற்றுவலி என்பார்கள், தட்டிலுள்ள சோற்றை அளைந்துகொண்டிருப்பார்கள், அம்மாவுக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தை இரண்டு வரியோடு மடித்துவைப்பார்கள். தேர்ந்த ஆலோசகர் 'என்ன குறை?' என்று கேட்பதில்லை. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்று விசாரித்துவிட்டு, பதில் வரும்வரை அவசரமின்றிக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பே இக்கலையின் அருமையான பகுதி. கேட்டதை, பிள்ளைக்கு ஆபத்து நேரக்கூடிய நிலையிலன்றிப் பிறரிடம் சொல்லாத கட்டுப்பாடும், நாளெல்லாம் பிறர் பிள்ளைகளுக்குச் செவிகொடுத்தபின் தம் பிள்ளையின் கதையையும் அதே பொறுமையோடு கேட்கும் ஆற்றலும் தாயாகவும் இருக்கும் ஆலோசகரிடம் ஒருங்கே அமைவது பெரும் பேறு.