ஆசவமும் அரிட்டமும்: ஒரு வகைப்பாட்டின் எல்லை

மூலிகையைக் காய்ச்சாது நீரிலிட்டு நொதிக்க வைப்பது ஆசவம். கசாயமாக்கி நொதிக்க வைப்பது அரிட்டம். ஆயுர்வேத நொதிப்பு மருந்துகளை அறிமுகப்படுத்துவோர் பெரிதும் எடுத்தாளும் இவ்வரையறை சார்ங்கதர சம்ஹிதைக்கு உரியது. இதனை மரபு முழுமைக்கும் பொதுவிதியாகக் கொள்ளவியலுமா என்பது ஆராயத்தக்கது.

சார்ங்கதரருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட சரக சம்ஹிதை, சூத்திரத்தானம் 25ஆம் இயலில் 84 ஆசவங்களை எண்ணுகிறது. தானியம் 6, கனி 26, வேர் 11, வைரம் 20, மலர் 10, தண்டு 4, இலை 2, பட்டை 4, சர்க்கரை 1 என மூலப்பொருளே அங்குப் பகுப்பின் அடிப்படை, காய்ச்சுதல் அன்று. சரகர் கூறும் தக்ராரிட்டமோ மோரில் மூலிகைப் பொடிகளைக் கலந்து நொதிக்க வைப்பது. கசாயம் இன்றியும் அது அரிட்டமே. பிற்கால வரையறையை முற்கால நூலின்மேல் ஏற்றினால் இச்சான்றுகள் விதிவிலக்குகளாகச் சுருங்கிவிடும்.

சரகரின் தானிய ஆசவங்களுள் சுரையும் உண்டு. புளித்த கஞ்சியாகிய தானியாம்லமும் உண்டு. முன்னது மது, பின்னது புளிப்பு. பிற்கால நூல்கள் இவற்றை மத்தியம், சுக்தம் எனப் பிரித்தன. சித்த மருத்துவத்தின் 32 அகமருந்து வகைகளிலோ ஆசவ அரிட்டங்களுக்குத் தனியிடம் இல்லை. அங்குள்ள தேனூறல் தேனில் ஊறவைப்பது. தீநீர் வாலையில் வடிப்பது. இரண்டும் அரிட்டத்திற்கு நிகரான சொற்கள் ஆகா.

இவ்வேறுபாடு களத்தில் முதன்மை பெறுகிறது. பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பம் ஒன்றில் மருந்து வழக்காறுகளைத் தொகுக்கும் ஆய்வாளர், வீட்டு நீராகாரத்தையும் கடையில் வாங்கிய தசமூலாரிட்டத்தையும் 'புளிக்க வைத்தவை' என ஒரே நிரலில் அடக்கிவிட இடமுண்டு. நீராகாரத்தில் மேலோங்குவது லாக்டிக் அமிலம். அரிட்டத்தில் வெல்லம் நொதித்து மது உருவாகிறது. காட்டாத்திப்பூ அந்நொதிப்பைத் தூண்டுகிறது. தானே உருவாகும் அம்மதுவுக்கு இந்திய மருந்து விதிகள் பொதுவாக 12 விழுக்காட்டை உச்சவரம்பாக வைத்துள்ளன. கல்லீரல் நோயாளிக்கோ குழந்தைக்கோ அரிட்டம் கொடுக்கும் குடும்பத்திற்கு, அதன் பெயர் இச்செய்தியை உணர்த்துவதில்லை.

ஆகவே, காய்ச்சியதா, இனிப்பு எது, தூண்டுபொருள் எது, எத்தனை நாள், விளைவது மதுவா புளிப்பா என்னும் ஐந்தையும் பதிவுசெய்த பின்னரே பெயரிடுதல் முறையாகும். சார்ங்கதரரின் வரையறை இவற்றுள் முதல் வினாவுக்கு மட்டுமே விடையளிக்கிறது.