இரண்டாவது இனிப்பு யாருக்கு?

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் அண்மைக்காலமாக அடிக்கடி எடுத்துக் கூறப்படும் ஒரு கதை உண்டு. நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் முன்னே மாஷ்மலோ எனப்படும் பஞ்சுபோன்ற இனிப்பொன்று வைக்கப்படுகின்றது. விரும்பினால் இப்பொழுதே உண்ணலாம், தாம் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று கூறிவிட்டு ஆய்வாளர் அறையைவிட்டு வெளியேறுகின்றார். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்திலே பரீட்சைகளிற் சிறந்தனர், வாழ்க்கையில் உயர்ந்தனர் என்றும், கைநீட்டி உண்டவர்கள் பின்தங்கினர் என்றும் கதை முடியும். கூறுபவர் அத்தோடு நிறுத்துவதில்லை. பொறுத்தார் பூமியாள்வார் என்று நம் முன்னோர் சொன்னதை அமெரிக்க விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று ஒரு முத்தாய்ப்பும் வைப்பார்.

இக்கதையை ஈண்டு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. வகுப்பறையிலே பின்வாங்கில் இருக்கும் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் கொள்ளும் அபிப்பிராயத்துக்கு விஞ்ஞான முத்திரை குத்திக்கொடுக்கும் கருவியாக இது பயன்படுகின்றது. 'அவனுக்குத் தன்னடக்கம் போதாது' என்ற ஒரு வாக்கியத்திலே அவனுடைய வீட்டு அடுப்பும், தகப்பனின் நாட்கூலியும், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாயும் மறைந்துபோகின்றனர். ஆதலால் இந்த விஞ்ஞானம் எத்தகையது, அது உண்மையிற் கூறியது யாது, அதன் பெயரால் மற்றையோர் கூறியது யாது என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகின்றது.

பரிசோதனையை நடத்தியவர் வோல்ற்றர் மிஷெல். 1930ஆம் ஆண்டு வியன்னா நகரிற் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சிச் சிறுவயதிலேயே குடும்பத்தோடு நாடு விட்டு அமெரிக்கா சேர்ந்தவர். ஸ்ரான்போட் பல்கலைக்கழக வளவில் அமைந்த பிங் பாலர் பாடசாலையிலே 1968 தொடக்கம் 1974 வரை 600இற்கு மேற்பட்ட குழந்தைகளை அவரும் அவர் மாணவரும் சோதித்தனர். அப்பாடசாலைக்குச் சென்றோரிற் பெரும்பாலோர் பேராசிரியர்களின் பிள்ளைகளும் பட்டமேற்படிப்பு மாணவரின் பிள்ளைகளுமாவர். நாளை என்ன உண்பது என்ற கேள்வி எழாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்று கொள்ளலாம்.

மிஷெல் அப்பொழுது அறிய விரும்பியது எந்தக் குழந்தை வாழ்விலே வெற்றிபெறும் என்பதன்று. காத்திருத்தல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதே அவரது வினா. இனிப்பை மூடி வைத்தபோது குழந்தைகள் நெடுநேரம் பொறுத்தன. கண்ணெதிரே வைத்தபோது விரைவிலே தளர்ந்தன. அதனை ஒரு மேகத் துண்டாகக் கற்பனை செய்யும்படி கூறியபோது குழந்தைகள் நீண்டநேரம் இருந்தன. பொறுமை என்பது பிறவிக் குணமன்று, சூழ்நிலையாலும் பழக்கத்தாலும் மாறுவது என்பதே இதன் பொருள். 1968இல் அவர் வெளியிட்ட நூலொன்று, மனிதருக்கு மாறாத குணாம்சங்கள் உள்ளன என்ற உளவியற் கொள்கையையே பலமாகத் தாக்கியது. அத்தகையவரின் பரிசோதனை, நான்கு வயதிலேயே மனிதரைத் தேறுவோர், தேறாதோர் எனத் தரம்பிரிக்கும் சோதிடமாக மாறியமை விந்தையே.

அம்மாற்றம் நிகழ்ந்த விதம் கவனத்துக்குரியது. 1990இல் ஷோடா, மிஷெல், பீக் ஆகிய மூவரும் பழைய பிங் குழந்தைகளிற் சிலரின் பிற்கால நிலையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். இனிப்புக் கண்ணெதிரே இருக்க, எவ்வித யோசனையும் சொல்லிக்கொடுக்கப்படாதிருந்த குழந்தைகளிடையே, காத்திருந்த நேரத்துக்கும் கல்லூரி அநுமதித் தேர்வுப் புள்ளிகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்பட்டது. அத்தொடர்பு எத்தனை பேரிடம் காணப்பட்டது? 35 பேரிடம். நம் பாடசாலைகளில் ஒரு வகுப்புக்குள் அடங்கும் தொகை அது. கட்டுரையாளர்களே தமது மாதிரியின் சிறுமையைச் சுட்டி, முடிவை எச்சரிக்கையோடு கொள்ளுமாறு எழுதியிருந்தனர். ஆனால் எச்சரிக்கைகள் மொழிபெயர்க்கப்படுவதில்லை. முடிவுகளே பயணம் செய்கின்றன. 1995இல் டானியல் கோல்மன் எழுதிய உணர்ச்சி நுண்ணறிவு பற்றிய நூல் இப்பரிசோதனையை உலகெங்கும் கொண்டு சென்றது. தன்முன்னேற்ற நூல்கள் தொடர்ந்தன. அமெரிக்காவிலே வறிய பிள்ளைகள் கற்கும் ஒரு பாடசாலைத் தொகுதியில், மாஷ்மலோவை உண்ணாதே என்று பொறித்த சட்டைகள்கூட மாணவருக்கு அணிவிக்கப்பட்டன. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகளிடம் கண்ட முடிவு வறியவரின் முதுகிலே உபதேசமாக ஏறியது.

இக்கதைக்கு ஒரு முன்வரலாறும் உண்டு. மிஷெலின் முதல் ஆராய்ச்சி ஸ்ரான்போட்டில் அன்று, பிரித்தானியரின் கரும்புத் தோட்டங்களால் உருவான திரினிடாட் தீவிலே நடைபெற்றது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களும், ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியரின் வழித்தோன்றல்களும் அங்கு அருகருகே வாழ்ந்தனர். ஒருவரைப் பற்றி மற்றவர் இழிவாகவும் பேசிக்கொண்டனர். ஆபிரிக்கர் வருவதை வருமுன் செலவழிப்பவர் என்பது ஒரு பக்கத்துப் பேச்சு. இந்தியர் அநுபவிக்கத் தெரியாது பணத்தைப் பதுக்குபவர் என்பது மறுபக்கத்துப் பேச்சு. (எசமானர் போனபின்னும் எசமானர் விட்டுச்சென்ற பிரிவினை போவதில்லை, இதனை நமது தீவினருக்கு விளக்கவேண்டியதில்லை.) இப்பேச்சை மிஷெல் பாடசாலைப் பிள்ளைகளிடம் சோதித்தார். இன்று ஒரு சிறிய இனிப்பா, சிலநாட் கழித்து ஒரு பெரிய இனிப்பா என்று கேட்டார். 1958இல் வெளிவந்த அக்கட்டுரையின் முக்கியமான செய்தி, தந்தை இல்லாத வீட்டுப் பிள்ளைகளே உடனடி இனிப்பைக் கூடுதலாக நாடினர் என்பதாகும். வாக்குக் கொடுத்துக் காப்பாற்றும் ஆடவரைக் காணாத பிள்ளை, முன்பின் தெரியாத வெள்ளையர் ஒருவர் மீண்டும் வந்து இனிப்புத் தருவார் என்று ஏன் நம்பவேண்டும்? இவ்வினாவின் வலிமையை மிஷெல் அறிந்தேயிருந்தார். பிங் பாடசாலையிலே, மணியை அடித்தால் ஆய்வாளர் உடனே திரும்பி வருவார் என்பதைக் குழந்தைக்குப் பலமுறை காட்டிய பின்னரே பரிசோதனை தொடங்கப்பட்டது. அறைக்குள்ளே நம்பிக்கை கட்டியெழுப்பப்பட்டது. அறைக்கு வெளியே குழந்தை கொண்டுவந்த நம்பிக்கையின் அளவு கணக்கில் இடம்பெறவில்லை.

நம்பிக்கையையே நேரிற் சோதித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதனை ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் நடத்திய செலெஸ்ற் கிட் என்பவர், முன்னர் வீடற்றோர் தங்குமிடம் ஒன்றிலே தொண்டாற்றியவர். கையில் உள்ள பொருளை எவரும் எந்நேரமும் பறித்துக்கொள்ளலாம் என்ற நிலையில் வாழும் அக்குழந்தைகள் மாஷ்மலோவை என்ன செய்யும் என்று அவர் சிந்தித்தார். 28 குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். சித்திரம் வரைவதற்கு நல்ல வர்ணங்கள் கொண்டுவருவதாக எல்லோருக்கும் சொல்லப்பட்டது. ஒரு பிரிவினருக்குச் சொன்னபடியே கொண்டுவரப்பட்டது; மற்றப் பிரிவினரிடம் ஆய்வாளர் வெறுங்கையோடு திரும்பி, மன்னிக்கவேண்டும், இல்லை என்றார். அதன்பின் இனிப்பு வைக்கப்பட்டது. வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் முழுமையாக 15 நிமிடமும் காத்திருந்தனர். வாக்குப் பொய்த்த 14 பேரிற் காத்திருந்தவர் ஒரேயொருவர். முன்னையோர் சராசரி 12 நிமிடம் பொறுத்தனர். பின்னையோர் 3 நிமிடம். ஏமாற்றப்பட்ட குழந்தை உடனே உண்டமை தன்னடக்கக் குறைவா, தக்க அறிவா? 28 என்பது சிறிய தொகையே. 35இன்மேல் நாம் கூறிய குறை இதற்கும் பொருந்தும். ஆயினும் சில நிமிட அநுபவமே இத்தகைய வேறுபாட்டை விளைவிக்குமாயின், ஆண்டுக்கணக்கான அநுபவம் என்ன செய்யாது?

பெருந்தொகையிலான மறுபரிசோதனை 2018இல் வெளிவந்தது. வாட்ஸ், டங்கன், குவான் ஆகியோர் 900இற்கு மேற்பட்ட அமெரிக்கக் குழந்தைகளைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தனர். தாய்மார் பல்கலைக்கழகப் பட்டம் பெறாத குழந்தைகள்மீது சிறப்பாகக் கவனம் செலுத்தினர். நான்கு வயதுக் காத்திருத்தலுக்கும் 15 வயதுக் கல்வித் தேர்ச்சிக்கும் தொடர்பு இருக்கவே செய்தது. ஆனால் பழைய ஆய்விற் காணப்பட்டதன் பாதியளவே அது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், குழந்தையின் ஆரம்ப அறிவாற்றல் ஆகியன கணக்கிற் சேர்க்கப்பட்டதும் அப்பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. எஞ்சிய தொடர்பும், 20 விநாடிகளாவது பொறுத்தவருக்கும் அதுவும் பொறாதவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலேயே பெரும்பாலும் தங்கியிருந்தது. ஏழு நிமிடம் தவம் இருந்ததாற் கிடைத்த மேலதிகப் பயன் அற்பமே.

இதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய பிங் குழந்தைகள் ஏறத்தாழ 46 வயதை அடைந்தபோது அவர்களில் 113 பேரின் வருமானம், சொத்து, கடன் முதலியன ஆராயப்பட்டன. பாலர் பருவக் காத்திருத்தல் இவற்றை முன்னறிவிக்கவில்லை. 2020இல் வெளிவந்த அக்கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் மிஷெல். 2018இற் காலமான அவர் தமது பெயர்பெற்ற முடிவுக்கு எதிரான சான்றிலும் பங்காளியானார். ஆய்வாளருக்கு அழகு அது. 26 வயதை எட்டிய 702 பேரைக் கொண்டு 2024இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும், இப்பரிசோதனை வளர்ந்தோரின் வாழ்வை நம்பத்தக்க வகையில் முன்னறிவிக்கவில்லை என்றே முடித்தது.

இது ஒரு தனிப்பட்ட பரிசோதனையின் சரிவு மாத்திரமன்று. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் நடத்திப் பார்த்தபோது, அவற்றுள் நூற்றுக்கு 36 மாத்திரமே முன்போலத் தெளிவான முடிவைத் தந்தன. மனித மனம் என்று பேசப்படுவது பெரும்பாலும் வசதிபடைத்த மேற்கத்திய நாட்டினரின் மனமே என்பதை 2010இல் ஹென்றிக் முதலிய மூவர் விரிவாக எடுத்துக்காட்டினர். இதனாற் சிலர் விஞ்ஞானமே பொய் என்று துள்ளுகின்றனர். அக்கூற்று நமக்கு உடன்பாடன்று. பழைய முடிவைத் திருத்தியதும் ஆய்வுதான். கூடுதலான மக்களை, கூடுதலான நேர்மையோடு நோக்கிய ஆய்வு.

நமக்கு உவப்பான முடிவுகளையும் இதே உரைகல்லிலே தேய்த்துப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டிலே 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன்னர், கையிற் பணமின்றிக் கடனும் அடகுமாக இருந்த காலத்தில், அவர்கள் சிந்தனைத் தேர்வுகளிற் குறைவாகச் செய்தனர். அறுவடைக்குப்பின் அதே மனிதர் கூடுதலாகச் செய்தனர். வறுமை மனிதனின் மூளையிலும் பாரம் ஏற்றுகின்றது என்ற இம்முடிவை முற்போக்காளர் பலர் மகிழ்ந்து வரவேற்றனர். ஆனால் 2016இல், அமெரிக்காவில் வறிய குடும்பத்தினரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தவர்கள் சிந்தனைத் திறனில் வேறுபாடு எதனையும் காணவில்லை. கைக்குப் பணம் வருமுன்னர், பணவிடயத்தில் உடனடிப் பயனை நாடும் போக்கு மாத்திரமே கூடியிருந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாத வழக்கை வென்றுவிட்டதாக மேடையில் முழங்குவோமாயின், மாஷ்மலோக் கதை கூறுவோருக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

எமது நாட்டிலே பொறுமையின் பெருமையைப் போதிப்பவர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பிற் பணவீக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு 70 ஆயிற்று. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வங்கியிலிட்டவரின் சேமிப்பு அவர் கண்முன்னே சுருங்கியது. 2023இல் அரசு தன் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது அச்சுமையிற் கணிசமான பங்கு ஊழியர் சேமலாப நிதியின்மேல் ஏற்றப்பட்டது. இரண்டாவது இனிப்புக்காக முப்பது, நாற்பது ஆண்டு காத்திருந்தோரின் நிதி அது. மலையகத்திலோ, தலைமுறை தலைமுறையாகப் பொறுத்தும் தாம் குடியிருக்கும் லயத்தடி நிலமேனும் சொந்தமாகாத குடும்பங்கள் இன்றும் உள்ளன. இவ்வீடுகளிலிருந்து வரும் பிள்ளை பெரியவர்களின் வாக்குறுதியைச் சற்றுச் சந்தேகத்துடன் நோக்குமாயின், அதனைக் குணக்கேடு என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதுவதற்கு நமக்கு என்ன ஆதாரம் உண்டு?

கதை கூறுவோர் தொடாத ஓர் ஆய்வு எஞ்சியிருக்கின்றது. கமரூன் நாட்டிலே நஸோ என்னும் மக்கள் வாழ்கின்றனர். தாய்மார் கமஞ்செய்து குடும்பத்தைக் காப்பவர். மின்சாரமும் குழாய்நீரும் எளிதிற் கிடைக்காத வீடுகள். பெற்றீனா லாம் என்னும் ஜேர்மனிய ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தோரும், அவர்களின் நான்கு வயதுப் பிள்ளைகளிடமும் ஜேர்மனிய மத்தியதர வர்க்கப் பிள்ளைகளிடமும் இப்பரிசோதனையை நடத்தி 2017இல் முடிவை வெளியிட்டனர். நஸோ பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டது மாஷ்மலோ அன்று, அவர்கள் நன்கறிந்த, எண்ணெயிற் பொரித்த மாப்பண்டம். ஜேர்மனியப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் மூவரே இரண்டாவது பண்டத்தைப் பெற்றனர். அவர்கள் பாடினர், அறையைச் சுற்றி வந்தனர், தமக்குத்தாமே பேசினர். நஸோ பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் எழுவர் காத்திருந்தனர். அவர்கள் பெரும்பாலும் அசையாது அமர்ந்திருந்தனர். சிலர் பண்டத்தின் முன்னிலேயே உறங்கிவிட்டனர்.