சட்டையில் மாட்டும் மைக், காதுக்குள் தமிழ்

காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்திக்கொண்டவர்களைப் பார்த்தால், "இப்ப நல்லா கேக்குதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சத்தம் கேட்கிறது. அது பேச்சாகப் புரியத்தான் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். இயல்பான செவியில் சுமார் 3,500 உள்மயிர்ச் செல்கள் பார்க்கும் வேலையை என் காதுச்சுருளுக்குள் 22 மின்முனைகள் பார்க்கின்றன. ஆகவே காதோரம் மாட்டும் நியூக்ளியஸ் 7 பிராசசரோடு நான் பயன்படுத்தும் மினி மைக்ரோஃபோன் 2+ கருவியிடம் எனக்கு ஒரே கேள்விதான்: காதைப் பழக்க இது உதவுகிறதா?

பேசுபவர் சட்டையில் மாட்டிக்கொண்டால் அவர் குரல் நேராகப் பிராசசருக்கு வரும். இடையில் தடுப்பு இல்லாவிட்டால் 25 மீட்டர் வரை எட்டும். மேசையில் படுக்கவைத்தால் சுற்றியிருப்போர் குரலையும் வாங்கும். மின்விசிறி, மிக்ஸி, தெரு ஹாரன் எல்லாவற்றையும் பிராசசரின் காதோர மைக் சேர்த்தே அள்ளுகிறது. இதுவோ பேசுபவரின் வாயருகே இருப்பதால் குரல் தெளிவாக முன்னே நிற்கிறது.

பயிற்சிக்கு அக்கா இதை மாட்டிக்கொண்டு என் முதுகுப்பக்கம் உட்காருவார், உதட்டசைவு தெரியக் கூடாதே. முதலில் டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். ஏதாவது ஒன்று விடுபட்டால் அன்றைக்கு மெஷினையோ மேப்பிங்கையோ (ஆடியாலஜிஸ்ட் அமைத்துத் தரும் மின்முனை அளவுகள்) பார்க்கவேண்டும். அப்புறம் இணைச் சொற்கள். படு–பாடு, கொடு–கோடு சீக்கிரமே பிடிபட்டன. ஒலி நீள்வதையும் குறுகுவதையும் இம்ப்ளாண்ட் நன்றாகவே கடத்துகிறது. வாலை, வாளை, வாழை இன்னும் பாடாய்ப் படுத்துகின்றன. அவற்றின் வேறுபாடு அதிர்வெண்ணின் நுணுக்கத்தில் இருக்கிறது. அதை இத்தனை குறைவான மின்முனைகளால் பிரித்துக் காட்டுவது கடினம். மைக் இரைச்சலைத்தான் குறைக்கும், ளகரத்தையும் ழகரத்தையும் பிரித்துத் தராது. "வாழை இலை போடு" என்று வாக்கியமாகச் சொன்னால் உடனே புரிந்துவிடுகிறது. எனவே தனிச்சொல்லோடு மல்லுக்கட்டுவதை விட்டு வாக்கியங்களுக்குச் சீக்கிரம் போய்விடுங்கள்.

கம்பி செருகி டிவியோடும் இணைக்கலாம். ஐபோன் இருந்தால் போன் பேச்சு நேரடியாகவே பிராசசருக்கு வந்துவிடும், அதற்கு இந்த மைக் தேவையில்லை.

இதை மட்டும் வைத்துப் பழகக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைக்காரரும் கண்டக்டரும் மைக் மாட்டிக்கொண்டு பேசப்போவதில்லை. பயிற்சியின் கடைசிப் பகுதி எப்போதும் மைக் இல்லாமல், மின்விசிறி ஓடும் அறையிலேயே நடக்கட்டும். இன்னொன்று: மைக் குரல் தூக்கலாக வரும்போது பக்கத்திலிருந்து கூப்பிடுவது அமுங்கிப்போகலாம். மைக் ஒலியும் சுற்றுப்புற ஒலியும் கலக்கும் விகிதத்தை ஆடியாலஜிஸ்டிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். சாலையில் இதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

யாருக்கு வாங்கலாம் என்றால், முதலில் பள்ளிக் குழந்தைக்கு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் பலர் இப்போது சாதாரண வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பலகைப் பக்கம் திரும்பி ஆசிரியர் பேசுவதும் அவர்களுக்குக் கேட்கவேண்டும். மணி அடித்ததும் மைக்கைக் கழற்றிக் குழந்தையிடம் கொடுத்துவிடும்படி ஆசிரியரிடம் பெற்றோர் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.