காதல் கதையும் நம் வீட்டு அலமாரியும்

புர்தா ஷரீஃப் ஓதப்படாத வீடு நம்மவரிடையே குறைவு. நோய்க்கும் ஓதுகிறோம், புதுமனை புகும்போதும் ஓதுகிறோம். இமாம் பூஸீரி (ரஹ்) அவர்கள் 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இயற்றிய அந்தக் கஸீதா பத்துப் பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் முதற்பகுதி முழுவதும் காதலின் வேதனையைப் பேசுகிறது என்பது, அதை இராகமிட்டு ஓதுவோரில் எத்தனை பேருக்கு நினைவில் நிற்கிறதோ! பிரிந்து போனவர்களை எண்ணி ஒருவன் கண்ணீர் வடிக்கிறான். காதலை மறைக்கப் பார்க்கிறான். கண்ணீரும் மெலிந்த உடலும் அவனைக் காட்டிக் கொடுக்கின்றன. பழிப்பவனுக்கு அவன் மறுமொழியும் கூறுகிறான். இவ்வளவும் ஆன பிறகே கவிஞர் நபிபுகழுக்கு வருகிறார்.

இது பூஸீரி அவர்கள் புதிதாகக் கண்ட முறையன்று. அரபுக் கஸீதாவின் தொடக்கமாகிய இப்பகுதிக்கு ‘நஸீப்’ என்று பெயர். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுன் பாடிய கவிதையும் ஸுஆத் என்னும் பெண் பிரிந்து சென்றதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அதைச் செவியுற்ற அண்ணலார் தம் போர்வையையே பரிசாக அளித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். ஆகவே, காதல் பேச்சு நம் வீட்டு வாசற்படியைத் தாண்டலாமா என்று இன்று விவாதிக்கிறவர்கள் சற்றே தாமதமாக வந்தவர்கள்.

இதை எழுதத் தூண்டியது ஒரு தந்தையின் வேண்டுகோள். மகள் ஓயாமல் நாவல் படிக்கிறாள், தண்ணீர் ஓதித் தாருங்கள் என்று கேட்டு வந்தார். மாதம் ஒன்றாக வெளிவரும் நாவல் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிச் சான்றாகவும் கொண்டு வந்திருந்தார். தண்ணீர் ஓதித் தந்தேன். புத்தகத்தை மட்டும் இரண்டு நாள் என்னிடம் இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஷைத்தானின் வேலையைப் பரிசீலிக்க அல்ல. அந்தப் பெண் அதில் என்ன காண்கிறாள் என்று பார்க்கத்தான்.

காதல் கதை வாசகர்கள் ஒரு தனிக் கூட்டத்தார். மலையையும் மழையையும் வருணிக்கும் பக்கங்களைச் சிறிதும் இரக்கமின்றிப் புரட்டித் தள்ளுவார்கள். நாயகனும் நாயகியும் பேசும் இடத்தில் மூன்று முறை நிற்பார்கள். பால் பொங்கி வழிந்தது எந்த அத்தியாயத்தில் என்று பல ஆண்டுகள் கழித்தும் சொல்லக் கூடியவர்கள் உண்டு. வாடகை நூல்நிலையங்கள் தெருவுக்குத் தெரு இருந்த நாள்களில், பக்க ஓரங்களில் முன்னர்ப் படித்தவர்கள் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருக்கும். அழுதுவிட்டதாக ஒருத்தி எழுதியிருப்பாள். அதற்குக் கீழே, தானும்தான் என்று இன்னொருத்தி. முடிவை முதற்பக்கத்திலேயே எழுதி வைக்கும் கொடியவர்களும் இருந்தார்கள். இன்று அந்த ஓரக் குறிப்புகள் கைப்பேசிக்குள் குடிபெயர்ந்துவிட்டன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகும் பெண்கள் கம்பெனிப் பேருந்தில் தலை கவிழ்ந்திருந்தால், எல்லாரும் உறங்குகிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சிலர் அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பேன். இது கதாசிரியருக்குச் செய்யும் துரோகம் என்பார்கள். அரபுக் கவிஞனோ காதலி ஒட்டகமேறிப் போய்விட்டாள் என்பதை முதலடியிலேயே சொல்லிவிட்டுத்தான் கதை தொடங்குகிறான். யாரும் அவனைக் கோபித்ததில்லை.

இனி, நம் முன்னோரில் ஒருவரை அறிமுகம் செய்கிறேன். ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் 994இல் பிறந்து 1064இல் மறைந்தவர் இப்னு ஹஸ்ம். ளாஹிரி சட்டநெறியின் தலையாய அறிஞர். ‘அல்முஹல்லா’ என்னும் பெரிய ஃபிக்ஹு நூலை எழுதியவர். சட்ட வாதத்தில் அவருடைய நாவுக்கு அஞ்சாதவர் அக்காலத்தில் இல்லை. அத்தகையவர், ஏறத்தாழ 1022ஆம் ஆண்டளவில், ஷாத்திபா நகரில் இருந்தபோது நண்பர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்கிக் காதலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ‘தவ்குல் ஹமாமா’ என்பது அதன் பெயர்; புறாவின் கழுத்து வளையம் என்று பொருள். முப்பது அத்தியாயங்கள் கொண்ட அந்நூலின் கையெழுத்துப் பிரதி உலகில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியது. ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்த அது 1914இல்தான் அச்சேறியது.

சட்ட அறிஞரின் நூலென்று பயந்து திறந்தால், ஊர் நடப்புகளைச் சிரிப்போடு சொல்லும் ஒரு நண்பரின் குரல் கேட்கிறது. ஒருவர் கனவில் கண்ட பெண்மேல் காதல்கொண்டு ஊண் உறக்கமின்றி வாடுகிறார். குளியற்கூடத்துச் சுவரில் தீட்டிய படத்தைக் காதலித்திருந்தாலாவது உன்னை மன்னிக்கலாம் என்னும் கருத்துப்பட இப்னு ஹஸ்ம் அவரைக் கடிந்துகொள்கிறார். முகத்தையே காணாமல், பிறர் சொல்லக் கேட்டுக் காதலித்தவர்களுக்குத் தனி அத்தியாயம். முதற் பார்வையிலேயே வீழ்ந்தவர்களுக்கு ஒன்று. நெடுநாள் பழகியே கனிந்தவர்களுக்கு மற்றொன்று. தம்மைப் பற்றியும் ஒளிக்கவில்லை. இளமையில் தாம் நேசித்த பெண்ணுக்குப் பொன்னிறக் கூந்தல். அன்றுமுதல் கருங்கூந்தல் எவ்வளவு அழகாயினும் தம் மனம் அதில் பற்றவில்லை என்கிறார். முஹல்லாவை எழுதிய கை இதையும் எழுதியது! தம்மை வளர்த்தவர்களும், குர்ஆனையும் கவிதையையும் எழுத்தையும் தமக்குக் கற்பித்தவர்களும் பெண்களே என்பதையும் அவர் நன்றியோடு கூறுகிறார். பெண்களின் மனம் அறிந்து அவர் எழுதுவதன் காரணம் இதுவாகலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்நூலில் மற்றோர் இன்பமும் காத்திருக்கிறது. தூது செல்வோர், உதவும் தோழமை, காவல் காப்போர், அலர் தூற்றுவோர், காதலை மறைத்தல், பிரிவு, மெலிவு என்று அவர் அத்தியாயங்களை அடுக்கிச் செல்லுங்கால், தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் புரட்டுவது போலவே தோன்றுகிறது. இவரை அவர் அறியார். அவரை இவர் அறியார். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அகத்திணை மாந்தருக்குப் பெயர் சுட்டலாகாது என்பது நம் மரபு. குர்துபாக்காரரோ சில இடங்களில் பெயர், தெரு, ஆண்டு வரை சொல்லிவிடுகிறார். பாவம், அந்த நண்பர்கள்!

அந்நூலில் என் நெஞ்சைத் தொட்டது அவருடைய சொந்தத் தோல்வி. அவர்கள் வீட்டில் வளர்ந்த, அடக்கமும் அறிவும் நிறைந்த ஓர் இளம்பெண்ணை அவர் விரும்பினார். வீட்டில் ஒரு விருந்து. தோட்டத்தை நோக்கிய வாயில்களில் பெண்கள் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் நிற்கும் வாயிலருகே இவர் போகிறார். அவள் நயமாக அடுத்த வாயிலுக்கு நகர்ந்து விடுகிறாள். இவர் அங்கும் போகிறார். அவள் மீண்டும் நகர்கிறாள். பின்னர் மற்றப் பெண்கள் வற்புறுத்த, அவள் யாழ் மீட்டிப் பாடினாள், அவ்வளவே. குர்துபாவில் கலகம் மூண்டு, அவர் ஊரையே விட்டுச் செல்ல நேர்ந்தது. 1019இல் திரும்பி வந்தபோது அவளைக் கண்டார். அடையாளம் தெரியாத அளவுக்கு வாழ்க்கை அவளை வாட்டியிருந்தது. அவள் கடைசிவரை இணங்கவே இல்லை. அமைச்சரின் மகனான அவர் அதற்காக அவள்மேல் சினங்கொள்ளவுமில்லை, சூழ்ச்சி செய்யவுமில்லை. அவளுடைய கண்ணியத்தைப் போற்றியே எழுதுகிறார்.

இங்கேதான், தந்தை கொண்டு வந்த அந்த மாத நாவலுக்கு வருகிறேன். நாயகன் பெருஞ்செல்வன், கோபக்காரன். நாயகி அவனை வேண்டாம் என்கிறாள். அவன் அவளைத் தூக்கிச் சென்று கட்டாயத் தாலி கட்டுகிறான். இருநூறு பக்கம் அவளை அழ வைக்கிறான். கடைசிப் பக்கத்தில், அவன் செய்ததெல்லாம் காதலால்தான் என்று அவளே கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்கிறாள்! இந்த வகைக்கு வாசகியர் ‘ஆன்ட்டி ஹீரோ கதை’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கைப்பேசித் தொடர்களில் இதற்குத் தனிச் சந்தை இருக்கிறது. எல்லாக் காதல் நாவல்களும் இப்படியல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்த ரமணிசந்திரன் அவர்களின் கதைகளைத் தாயும் மகளும் ஒரே வீட்டில் மறைவின்றிப் படித்திருக்கிறார்கள். என் குறை அந்த வகைமேல் அன்று; வேண்டாம் என்ற சொல்லுக்கு மதிப்பில்லாத கதைமேல்.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு காதல் கதை இருக்கிறது. நம் மேடைகளில் அது போதிய அளவு சொல்லப்படுவதில்லை. பரீரா (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து அன்னை ஆயிஷா (ரலி) அவர்களால் விடுவிக்கப்பட்டார்கள். விடுதலை பெற்றதும், அடிமையாகவே இருந்த கணவர் முகீஸுடன் வாழ்வதா பிரிவதா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. பிரிந்தார்கள். முகீஸோ மதீனாவின் தெருக்களில் அவர் பின்னாலேயே அழுதுகொண்டு சுற்றினார். கண்ணீர் தாடியில் வழிந்ததைத் தாம் கண்ணால் கண்டது போல் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அவருடைய காதலையும் அவள் வெறுப்பையும் கண்டு வியந்த பெருமானார் (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பிப் போகலாமே என்று பரீராவிடம் கூறினார்கள். இது தங்கள் கட்டளையா என்று அவர் கேட்டார். இல்லை, பரிந்து பேசுகிறேன், அவ்வளவுதான் என்று விடை வந்தது. அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார் பரீரா. அல்லாஹ்வின் தூதர் பரிந்து பேசியும், நேற்றுவரை அடிமையாயிருந்த ஒரு பெண்ணின் மறுப்பு நின்றது.

முகீஸின் கண்ணீரை யாரும் பழிக்கவில்லை. பரீராவின் உறுதியையும் யாரும் பழிக்கவில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துச் சொல்லத் தெரிந்த கதைதான் என் அளவுகோலுக்கு நல்ல காதல் கதை. முன்பே மணமானவரான கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவருடைய தந்தை அவர் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்து வைத்தபோது, அண்ணலார் அத்திருமணத்தையே செல்லாததாக்கினார்கள். மணமகளின் சம்மதம் பற்றி மத்ஹபுகளுக்கிடையே நுட்பமான வேறுபாடுகள் உண்டு. அது வேறு கட்டுரைக்குரியது. ஆனால் தூக்கிக்கொண்டு போய் மணப்பதைக் காதலென்று சொல்ல எந்த மத்ஹபிலும் இடமில்லை.

இந்த அளவுகோலை அந்தப் பெண்ணின் கையில் யார் கொடுப்பது? புத்தகத்தைப் பிடுங்கிச் செய்தித்தாளில் சுற்றியவரால் அது இயலாது. பிடுங்கப்பட்டவள் மறைவாகப் படிப்பாள். மறைவாகப் படிப்பவளுக்கு, இந்த நாயகன் ஒரு முரடன் அல்லவா என்று கேட்டுச் சிரிக்க ஓர் உம்மாவோ லாத்தாவோ பக்கத்தில் இருக்க மாட்டார்கள். பிழை கதையிலிருந்து நேரே அவள் மனத்துக்குப் போகும். நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அதை மனைவியிடம் கொடுத்து மகளோடு சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள் என்றேன். ஓதிய தண்ணீரைப் போல அதை அவர் ஆவலாக வாங்கிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

காதலைக் கண்டித்து எழுதிய பெரியோர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். பக்தாதில் 1201இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் ‘தம்முல் ஹவா’ என்று, ஆசையைப் பழித்தே ஒரு நூல் இயற்றினார்கள். மதிக்கத்தக்க நூல். ஆனால் காதலின் கேட்டை விளக்கப் புகுந்தவர்கள், காதலர் கதைகளையே பக்கம் பக்கமாகத் தொகுத்துத் தந்துவிட்டார்கள்! கண்டிப்பதற்கும் கதை வேண்டியிருக்கிறது.

தமிழில் நம் பங்கு என்ன? சீறாப்புராணத்தில் உமறுப் புலவர் அன்னை கதீஜா (ரலி) அவர்கள் கனவு கண்டதற்கு ஒரு படலமும் அவர்களுடைய திருமணத்துக்கு ஒரு படலமும் ஒதுக்கிப் பாடினார். பெண்ணின் தரப்பிலிருந்தே விருப்பம் முதலில் தெரிவிக்கப்பட்ட திருமணம் அது. இலங்கையில் சித்திலெவ்வை 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதி, தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே நமக்கோர் இடம் பிடித்தார். வ.வே.சு. ஐயர்கூட லைலா மஜ்னூன் கதையைத் தமிழ்ச் சிறுகதையாக்கினார். பின்னர் வந்த காதல் நாவல்களில் நாம் எங்கே போனோம்? நான் படித்தவரை, முஸ்லிம் என்பவர் நாயகனுக்கு உயிர் கொடுக்கும் நண்பர். அல்லது பெருநாளன்று பிரியாணி கொடுத்தனுப்பும் பக்கத்து வீட்டுக்காரர். நம் பெண் காதலிப்பதாக, மறுப்பதாக, மஹரைப் பற்றித் தானே பேசுவதாக ஒரு கதைக்கு எவ்வளவு தேடவேண்டியிருக்கிறது!

ஆனால் ஒருவர் எழுதினார். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1917இல் பிறந்து 1998இல் மறைந்தவர். பள்ளிப் படிப்பு மிகச் சொற்பம். 1938இல், இருபத்தோரு வயதில், ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். சங்க நூல்களைச் செல்லரித்த ஏடுகளிலிருந்து மீட்ட கை, நாகூர்ப் பெண்ணொருத்தியின் காதல் கதையை வாழ்த்தியது. ஒரு முஸ்லிம் பெண் நாவல் எழுதுவதே வியப்பாகக் கருதப்பட்ட நாளில், அவர் தலைப்பிலேயே காதலைக் கடமைக்கு எதிரே நிறுத்திக் கேள்வி கேட்டார். அதன்பின்னும் வரலாற்று நாவல், சிறுகதை, மார்க்கக் கட்டுரை எனப் பலவும் எழுதினார்.

திருப்பாச்சூரிலிருந்து திருவள்ளூர் வரை எனக்குத் தெரிந்த பெண்கள் மதரஸாக்களின் அலமாரிகளில் அவருடைய நூல்களைத் தேடினேன். துஆத் தொகுப்புகள் இருந்தன. மணமகளுக்கு அறிவுரை கூறும் நூல்கள் ஏராளமாக இருந்தன, யாவும் ஆண்கள் எழுதியவை. சித்தி ஜுனைதாவின் நூல் ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்குப் புத்தகம் வாங்கும் பொறுப்பை நிர்வாகிகள் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் முதல் இடத்தை அவருக்கு எழுதி வைத்திருக்கிறேன்.